தில்லைக் குயவனார் வீட்டுப் பிணக்கு

அடியார் சரித்திரங்களைப் பக்தியின் பொருட்டு மட்டுமே படிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டபடியால், அவற்றுள் சில, ஒரு வீட்டின் உள்ளே கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் நிகழ்ந்ததை எத்துணை நுட்பமாகச் சொல்லுகின்றன என்பது நம் கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் இயற்றிய பெரியபுராணத்திலே, தில்லைவாழ் அந்தணர் என்னும் திருக்கூட்டத்தைப் போற்றிய பிறகு, தனியடியார் வரிசையில் முதலாவதாக வந்து நிற்பவர் மன்னரும் அல்லர், மந்திரியும் அல்லர், மறை ஓதியவரும் அல்லர். மண் பிசைந்து திருவோடு வனைந்து, அதைச் சிவனடியார்களுக்கு வழங்குவதையே தம் தொண்டாகக் கொண்டிருந்த திருநீலகண்டர் என்னும் குயவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் வகுத்துக் கொடுத்த வரிசை அது. அந்த முதல் சரித்திரத்தின் நடுநாயகமாக அமைந்திருப்பது தல யாத்திரையன்று, சமய வாதமும் அன்று. ஒரு தம்பதியரின் நெடுநாளைய பிணக்கு. இல்லறம் நிலைபெறுவது எதனால், அதில் பிளவு உண்டானால் அதை எவ்வாறு நடத்திச் செல்வது என்று யோசிக்கும்போதெல்லாம், இக்காலத்து ஆலோசனை நூல்கள் பலவற்றைக் காட்டிலும் என் மனம் நாடிப் போவது இந்தக் குயவனார் வீட்டையே.

சரித்திரம் தமிழர்க்குப் புதிதன்று. 1939இல் தியாகராஜ பாகவதர் நடித்த திரைப்படமாகவும் அது வந்து பலரைச் சென்று சேர்ந்தது. இளமையின் வேகத்தில் குயவனார் ஒரு பரத்தையின் இல்லத்துக்குச் சென்று மீண்டார். அதை அறிந்த மனைவியார் மானம் பொறாமல் ஊடினார். ஊடல் தணிப்பதற்காக அவர் இரந்து நெருங்கியபோது, தம்மைத் தீண்டலாகாது என்று, அவர் எந்நேரமும் நாவில் வைத்துப் போற்றிவந்த திருநீலகண்டத்தின் மீதே ஆணையிட்டார். அன்று விலகிய இருவரும், ஒரே வீட்டில், ஒருவர்மேல் ஒருவர் விரல் படாமல், இளமை கழிந்து முதுமை வந்து தளரும் வரையில் வாழ்ந்தார்கள். அயலார் ஒருவருக்கும் அது தெரியாது.

இந்தப் பிணக்கின் தோற்றுவாய் பழந்தமிழ் அகப்பாட்டில் பழகியவர்களுக்கு நன்கு அறிமுகமானது. பரத்தையிடம் சென்று வந்த தலைவன் வாயிலில் நிற்பதும், தலைவி கதவடைப்பதும் மருதத் திணையின் மாறாத காட்சி. ஆனால் மருதத்தின் ஊடல் ஒரு பொழுதில் அல்லது சில பொழுதில் தீர்ந்துவிடுவது. தீர்ப்பதற்கென்றே தோழி, தாய், பாணன், பாங்கன் முதலாகப் பன்னிருவரை வாயில்கள் என்று தொல்காப்பியர் கற்பியலிலே நிறுத்தி வைத்திருக்கிறார். வள்ளுவரோ தம் நூல் முழுவதையும் ஊடல் உவகை என்னும் 133ஆம் அதிகாரத்தோடு முடிக்கிறார். அறத்தையும் அரசையும் பேசி வந்த ஒரு மகா நூல், தம்பதியரின் சிறு பிணக்கிலும் அது தீர்ந்த மகிழ்ச்சியிலும் சென்று நிறைவடைவது உலக இலக்கியத்திலேயே ஓர் அபூர்வமான முடிவு என்பது என் அபிப்பிராயம். பிணக்கு இல்லாத இல்லறத்தை நம் முன்னோர் கற்பனை செய்யவே இல்லை. அவர்கள் கவலைப்பட்டதெல்லாம் அது அளவு கடந்துவிடக்கூடாதே என்பதற்காகத்தான். சேக்கிழார் செய்த மாறுதல் என்னவென்றால், ஒரு பொழுதில் தீர வேண்டிய மருதத்து ஊடலை எடுத்து, அதைத் தீர்க்கவல்ல வாயில்கள் அனைத்தையும் அடைத்து, ஓர் ஆயுட்காலம் முழுவதும் நீட்டிக் காட்டியது. தில்லைக் குயவனார் வீட்டில் தோழி இல்லை; பாணன் இல்லை; மருதப் பாட்டில் தேர் உருட்டிக்கொண்டு வந்து தாய் தந்தையரைத் தன்னையறியாமல் சேர்த்து வைக்கும் புதல்வனும் இல்லை.

அந்த அம்மையாரின் கோபத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தவறு நிகழ்ந்தது உண்மை, கோபம் நியாயமானது, நியாயமான கோபத்துக்கே உரிய அபாயம் ஒன்று உண்டு, தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற நிச்சயத்தில் அது எல்லையை மறந்து, நேற்றைய குறையோடு பத்து வருஷத்துக் குறைகளையும், கணவனோடு அவன் தாயையும் தங்கையையும், செய்த செயலோடு அவன் பிறப்பையும் வளர்ப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். இவரோ அப்படிச் செய்யவில்லை. வீட்டுக் காரியங்களில் ஒன்றும் குறையாமல் நடத்தினார். அடியார்க்கு ஓடு அளிக்கும் தொண்டு தடைப்படாமல் பார்த்துக்கொண்டார். உடனுறைவு ஒன்றை மட்டும் மறுத்தார். எந்த இடத்தில் நம்பிக்கை முறிந்ததோ, அந்த இடத்தில் மட்டும் கோடு கிழித்தார். இதை அடிமைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. தன் உடல் தன் சம்மதத்துக்கு உட்பட்டது என்று, கணவன் முன்னிலையில், தெய்வ சாட்சியாக ஒரு பெண் அறிவித்து, அந்த அறிவிப்பு ஆயுள் முழுவதும் மீறப்படாமல் நின்றது என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியம் ஒன்று மரியாதையுடன் பதிவு செய்திருப்பதை நாம் அலட்சியமாகக் கடந்து போகலாகாது.

அதைவிட ஆழமான விஷயம் ஒன்று அந்த ஆணையிலே இருக்கிறது. நெடுநாள் உடன் வாழ்ந்த இருவருக்குள் ஒருவருடைய பலவீனம் மற்றவருக்கு முழுவதும் தெரிந்திருக்கும். எங்கே குத்தினால் இரத்தம் வரும் என்பதைப் பகைவனைக் காட்டிலும் துணைவரே நன்கு அறிவார். ஆகவேதான் குடும்பச் சண்டையில் வீசப்படும் வார்த்தைகள் வேறு எந்தச் சண்டையிலும் இல்லாத கொடுமை உடையனவாக அமைந்துவிடுகின்றன. இந்த அம்மையார் கணவரின் பலவீனத்தைத் தொடவே இல்லை. அவரிடத்தில் மிகவும் உயர்ந்தது எதுவோ, அந்தத் திருநீலகண்ட பக்தியைத்தான் பற்றினார். காமத்துக்கு வசப்பட்டவரே ஆயினும் ஆணை தவறாதவர் என்ற நம்பிக்கை, அவ்வளவு கோபத்தின் நடுவிலும் அவருக்கு இருந்திருக்கிறது. கணவரிடம் இழந்த நம்பிக்கையும் இழக்காத நம்பிக்கையும் இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. இல்லறத்தில் பிணங்கும்போது எதிரில் நிற்பவரிடத்தில் இன்னும் எது மிஞ்சியிருக்கிறது என்பதைக் காணும் கண் இருந்தால் அந்தப் பிணக்குக்கு ஒரு வழி எப்போதும் திறந்தே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குயவனார் செய்ததும் அதற்கு ஈடாகவே இருந்தது. அவர் வாதாடவில்லை. ஊர் உலகத்தில் நடக்காததா என்று கேட்கவில்லை. மனைவியார் ஆணையிடும்போது என்னை என்னாமல் எம்மை என்று பன்மையில் சொல்லிவிட்டார். அந்தப் பன்மையைப் பற்றிக்கொண்டு, மற்றப் பெண்கள் எல்லாரையும் மனத்தாலும் தீண்டேன் என்று தாமே தமக்கு விதித்துக்கொண்டார். விவகாரம் பேசுகிற மனிதன் ஆணையில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று தேடுவான்; இவர் அதன் சொற்கள் எவ்வளவு தூரம் விரியுமோ அவ்வளவு தூரமும் விரித்து, அந்த விரிவு முழுவதையும் தம்மேல் சுமத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்பதற்கு இதைக் காட்டிலும் கண்ணியமான முறை ஒன்றை நான் எங்கும் படித்ததில்லை.

ஆனாலும் இந்தச் சரித்திரத்தைத் துதித்து மட்டும் விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. இருவரும் உத்தமர்கள், இருவரும் எல்லை மீறாதவர்கள், எனினும் இளமை போய்விட்டதே! அந்த நீண்ட வருஷங்களைச் சேக்கிழார் வெகு சுருக்கமாகக் கடந்து விடுகிறார். சக்கரம் சுழலும் முற்றத்திலும், அடுப்பெரியும் மூலையிலும், மழைக்காலத்து இரவுகளிலும் இருவரும் எப்படி இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. வேண்டிய அளவு பேசியிருப்பார்கள்; அந்த ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் பேசியிருப்பார்கள். இம்மாதிரியான வீடுகள் இன்றும் உண்டு. சத்தம் வெளியே கேட்காது. சமையல் நேரத்துக்கு நடக்கும். கல்யாணம் கார்த்திகைக்கு இருவரும் சேர்ந்தே போய் வருவார்கள். எப்போதோ நடந்த ஒன்று மட்டும் இருவருக்கும் நடுவே பேசப்படாமல் கிடக்கும். அதை அமைதியான குடும்பம் என்று ஊர் மெச்சும். தவறு செய்தவர் தண்டனையை ஏற்றுக்கொண்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். தவறுக்கு உள்ளானவர், தாம் அன்று என்ன பாடுபட்டோம் என்பதை அவர் வாயால் ஒருநாள் கேட்க வேண்டுமென்று காத்திருக்கிறார். தண்டனை அனுபவிப்பது வேறு, செய்ததைச் சொல்வது வேறு.

சிலப்பதிகாரத்தில் இந்தக் காத்திருப்பின் துன்பம் இன்னும் கடுமையாக வருகிறது. கண்ணகி ஊடவே இல்லை. தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்றபோது, அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். அடுத்த கணமே கோவலன் வந்து நின்றபோது குற்றம் ஏதும் சாட்டாமல், சிலம்பு இருக்கிறது என்றாள். மதுரையில், ஆயர் குலத்து மாதரியின் வீட்டில், உண்டு முடிந்த பிறகுதான், கோவலன் தன் தவறுகளை எண்ணி, எழுக என்றதும் எழுந்து வந்தாயே என்று உருகிய பொழுது, போற்றத் தகாத ஒழுக்கத்தை நீர் மேற்கொண்டீர் என்று அவள் அமைதியாகச் சொன்னாள். எத்தனையோ காலம் அடக்கி வைத்த வார்த்தை அது. அதைச் சொல்லவும் கேட்கவும் இருவருக்கும் மனம் பக்குவப்பட்ட அன்றைக்கே, ஒற்றைச் சிலம்பை எடுத்துக்கொண்டு அவன் விற்கப் புறப்பட்டான். அவன் பிரிந்து வந்த மாதவியின் காத்திருப்பும் அத்தகையதே. அவள் தோழி வசந்தமாலை கொண்டுபோன முதல் ஓலையை வாங்க மறுத்த கோவலன், கோசிகமாணி என்னும் அந்தணன் வழியில் கண்டு கொடுத்த இரண்டாம் ஓலையைப் படித்துத்தான் அவள் மீது குற்றமில்லை என்று தெளிந்தான். அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோரிடம் தான் கேட்க வேண்டிய மன்னிப்புக்கும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களுக்கு அனுப்பினான். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் இடையில் கழிந்தது நீண்ட காலம் அன்று. அதற்குள் ஒரு குடும்பமே ஊரை விட்டுப் போயிருந்தது.

தில்லைத் தம்பதியர்க்கு வாய்த்த பாக்கியம் வேறு. வாயில் ஒருவரும் இல்லாத அந்த வீட்டுக்குச் சிவபெருமானே ஒரு சிவயோகியாக வந்தார். அவர் வந்த முறைதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. உங்களுக்குள் என்ன மனத்தாங்கல் என்று அவர் கேட்கவில்லை. ஒரு திருவோட்டைக் கொடுத்து, இது பொன்னினும் மணியினும் சிறந்தது, பத்திரமாக வைத்திருந்து நான் கேட்கும்போது கொடு என்று சொல்லிப் போனார். நெடுநாள் கழித்து வந்து கேட்டபோது ஓடு வைத்த இடத்தில் இல்லை. வேறு நல்ல ஓடு தருகிறேன் என்று கிழவர் மன்றாடினார். பொன்னோடு தந்தாலும் வேண்டாம், நான் தந்த மண்ணோடுதான் வேண்டும் என்றார் யோகி. திருடவில்லை என்றால் மகன் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்றார். குயவனாருக்கோ மகன் இல்லை. அப்படியானால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மூழ்கு என்றார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போயிற்று. அவர்களும் அதையே தீர்ப்பாகச் சொன்னார்கள். காரணத்தைச் சபையில் சொல்லக் கூசிய கிழவர், மனைவியாரை அழைத்துக்கொண்டு திருப்புலீச்சுரத்தின் முன்னுள்ள குளத்துக்கு வந்து, மூங்கில் தண்டு ஒன்றின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இறங்கினார். கையைப் பிடித்தாலன்றி ஆகாது என்று யோகி விடாமல் நின்றார்.

அப்போதுதான் அந்த வார்த்தை வெளிவந்தது. பண்டு தாம் செய்ததையும், அதனால் மனைவியார் இட்ட ஆணையையும், அன்று முதல் இன்று வரை நடந்ததையும், கரையில் நின்ற எல்லாரும் அறியக் குயவனார் தம் வாயாலே சொன்னார். சொல்லிய பிறகே மூழ்கினார்கள்; மூழ்கி எழுந்தபோது இருவரும் இளமை பெற்றிருந்தார்கள். தில்லையில் அந்தக் கோயிலுக்கு இளமையாக்கினார் கோயில் என்றே பெயர் வழங்குகிறது. இதை வெறும் அற்புதம் என்று கொள்பவர் கொள்ளட்டும். குளத்து நீர் அவர்களுக்குப் புதிதன்று, எத்தனையோ முறை அதில் நீராடியிருப்பார்கள். அன்று புதிதாக நிகழ்ந்தது அவர் வாய் திறந்தது ஒன்றே என்பதை மட்டும் நான் கவனிக்கிறேன். அந்த அம்மையாருக்கு எத்தனை வயதோ, தம் துயரத்தின் காரணத்தை ஊருக்கு மறைத்தே வாழ்ந்தவருக்கு, குற்றம் தம்முடையதன்று என்று ஊரார் முன்னிலையில் கணவரே சொல்லக் கேட்பது எப்பேர்ப்பட்ட பாரத்தை இறக்கியிருக்கும்!

யோகியின் முறையை நம் வீடுகளில் நடுவர்களாகப் போய் அமர்பவர்கள் யோசிக்க வேண்டும். மாமன், பெரியப்பா, ஊர்ப் பெரியவர், சம்பந்தி வீட்டார் என்று கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, முதல் வார்த்தையிலேயே யார் மேல் தப்பு என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒருவரும் உண்மையைச் சொல்ல மாட்டார். காணாமற்போன ஓட்டைப் பற்றிக் கேட்பதுபோல், பணம் எங்கே போயிற்று, தாயாருக்கு மருந்து வாங்குவது யார், இரவில் ஏன் தாமதம் என்று அகப்படுகிற ஒரு சிறு காரியத்தைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, விடாமல், சலிக்காமல் கேட்டுக்கொண்டே போனால், பேசப்படாதது தானே வெளிவரும். குடும்ப நல நீதிமன்றங்களில் ஆலோசகர்களாக இருப்போரில் சிறந்தவர்கள் செய்வது இதைத்தான். 1984ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட அந்த மன்றங்கள், தீர்ப்புக்கு முன் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்பதைக் கடமையாகவே கொண்டிருக்கின்றன. இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலும் விசாரணை பிறர் அறியாமல் நடக்க வேண்டும். அயலறியாமை என்று சேக்கிழார் போற்றிய அந்தரங்கத்துக்கு அங்கே சட்டப் பாதுகாப்பே இருக்கிறது. இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால்கூட, இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்த்த பிரிவு, மனுச் செய்த பிறகு ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று கூறியது. இனிச் சேர்ந்து வாழ இயலாது என்று உறுதியானவர்களை வதைப்பதில் தர்மம் ஒன்றுமில்லை என்பதால் அதுவும் சரியே.

அந்தரங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது மயக்கத்துக்கு இடமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு மனத்தாங்கல் ஒவ்வொன்றையும் அன்று இரவே கைப்பேசியில் இரண்டு தாய்மார்களுக்கும் தெரிவித்து, மறுநாள் தம்பதியர் சமாதானமான பிறகும் தாய்மார்கள் சமாதானமாகாமல் நிற்பதை இன்று எங்கும் காண்கிறோம். அதற்கு அயலறியாமை நல்ல மருந்து. அடிபடுகிறவளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது பாவம். கை ஓங்கப்படும் வீட்டில், பட்டினி போடப்படும் வீட்டில், நாள்தோறும் இழிவாகப் பேசப்படும் வீட்டில் நடப்பது ஊடலன்று, பிணக்குமன்று. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் எந்தப் பெரியவரும் பெரியவர் அல்லர். உடலைத் துன்புறுத்துவதை மட்டுமன்றி, சொல்லாலும் பணத்தாலும் வதைப்பதையும் வன்முறையென்றே 2005ஆம் வருஷத்துச் சட்டம் வகைப்படுத்தி, கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்திருக்கிறது. குயவனார் வீட்டுப் பிணக்கு அத்தனை வருஷம் கண்ணியமாக நடந்ததென்றால், தீண்டாதே என்று ஒரு பெண் சொன்னதும் அந்த ஆண் விலகி நின்றான் என்ற ஒன்றே அதற்கு அஸ்திவாரம். அஸ்திவாரம் இல்லாத இடத்தில் இந்தச் சரித்திரத்தை உபதேசிக்கக்கூடாது.

இன்னும் ஒரு குறை என் மனத்தில் நெடுநாளாக இருக்கிறது. புராணம் முழுவதிலும் அந்த அம்மையாரின் பெயர் இல்லை. மனைவியார் என்றே வருகிறார். அறுபத்து மூவரில் காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவரே பெண்கள். இவர் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆனால் இடபத்தின் மேல் காட்சி தந்த இறைவன் ஐம்புலனை வென்றவர்களே என்று பன்மையில் இருவரையும் அழைத்துத்தான் என்றும் இளமை நீங்காமல் தம்மோடு இருக்க வரம் கொடுத்தான் என்று சேக்கிழாரே சொல்கிறார். நம் சமாதானக் கூட்டங்களிலும் இதே குறை வழிவழியாக நடந்து வருகிறது. பெரியவர்கள் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, அவன் திருந்திவிட்டான், இனி ஒழுங்காக இருப்பான் என்று அவனைப் பற்றியே பேச்சு முடிகிறது. அவன் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். சமையலறை நிலைப்படியில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, நீயும் கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்கிறார்கள். அத்தனை நாள் அனுசரித்தது யார் என்று அந்தக் கூடத்தில் ஒருவராவது கேட்க வேண்டும்; அவள் பெயரைச் சொல்லி அழைத்து, உனக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.